ஒருமுறை செய்து எல்லோருக்கும் கொடுத்தல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ டெங்குவைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது இணையப் பக்கங்களில் வரும் படிவங்களைப் பற்றி. "நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போவது 2000ஆம் ஆண்டு உயர்தரம் எழுதிய எங்கள் பிரிவில் நால்வர் சேர்ந்து செய்த வேலை. ஒருவர் வைத்தியர், ஒருவர் தாதி, ஒருவர் வவுனியாவில் கணினி கற்பிக்கும் ஆசிரியை, ஒருவர் ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளர். ஆளுக்கொரு திசையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வழியாகச் சேர்ந்து செய்தோம்.

முதலில் ஒரு பழைய கதை. 1996இல் கிளிநொச்சியிலிருந்து சனம் இடம்பெயர்ந்த பின் எங்கள் வகுப்புகள் மரங்களின் கீழும் ஓலைக் கொட்டில்களிலும் நடந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. கடதாசிக்கும் தட்டுப்பாடு. எங்கள் கணித ரீச்சர் பரீட்சை வினாத்தாளுக்கு ஸ்ரென்சில் வெட்டி, கையால் சுற்றும் றோணியோவில் பிரதி எடுப்பார். வேலை முடிந்ததும் அந்த ஸ்ரென்சிலை எறியமாட்டார். மை துடைத்து, பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, அடுத்த பாடசாலைக்குச் சைக்கிளில் அனுப்பிவிடுவார். ஒருமுறை அது திரும்பி வந்தபோது கூடவே ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. பதினேழாம் வினாவுக்குத் தந்திருக்கும் நான்கு விடைகளில் எதுவும் சரியில்லை என்று அதில் எழுதியிருந்தது. ரீச்சர் கோபிக்கவில்லை. திருத்தும் மை பூசி, அந்த இடத்தை மீண்டும் வெட்டினார். "கொடுத்தபடியால்தான் பிழை தெரிந்தது பிள்ளைகள்" என்றார்.

இன்று நாங்கள் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குப் படிவம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நிவாரணத்துக்குப் படிவம், பதிவுக்குப் படிவம், மீள்குடியேற்றத்துக்குப் படிவம், வீட்டுத்திட்டத்துக்குப் படிவம், காணாமற்போனவரைத் தேடப் படிவம். அதே பெயரை, அதே பிறந்த திகதியை, அதே அடையாள அட்டை இலக்கத்தை எத்தனை தடவை எழுதியிருப்போம்! ஓர் எழுத்துப் பிழைத்தால் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து வரவேண்டும். ஒரு நாட்கூலி அதிலேயே போய்விடும்.

2009இன் பின் செட்டிகுளத்து முகாம்களில் வைத்தியம் பார்த்த காலத்தில் நாங்கள் கண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். நகை, காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் இழந்து வந்த தாய்மார் சிலர், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை மட்டும் ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்போடு கட்டி வைத்திருந்தார்கள். கிளினிக் பதிவுப் புத்தகங்கள் இல்லாமற்போயிருந்தன. தாயின் கையிலிருந்த அந்தக் கொப்பிதான் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, எது மிச்சம் என்று சொன்னது. நாடெங்கும் ஒரே அமைப்பில் அச்சிட்ட பதிவேடு என்பதால், கிளிநொச்சியில் எழுதியதை வவுனியாவில் இருந்த எவரும் வாசிக்க முடிந்தது. ஒரே அமைப்பு, எங்கும் ஒரே பொருள். அதன் பெறுமதியை அங்கேதான் படித்தோம்.

இப்போது கடதாசியின் இடத்துக்குக் கணினித் திரை வந்துவிட்டது. வசதிதான். ஆனால் திரையிலுள்ள படிவத்தை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொருவர் புதிதாகச் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் அதே பிழைகளைப் புதிதாகச் செய்கிறார்கள்.

எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது ஒரு சம்பவம். ஒரு வைத்தியசாலையில், காய்ச்சலோடு ஒரு சிறுமி கொண்டுவரப்பட்டாள். பெயரைத் தட்டித் தேடினார்கள், பழைய பதிவு இல்லை என்று வந்தது. புதிதாகப் பதிந்தார்கள். பெனிசிலின் வகை மருந்து எழுதப்பட்டது. ஊசி ஏற்றுவதற்கு முன் அங்கிருந்த தாதி வழமைபோலக் கேட்டார்: "முந்தி ஏதும் ஊசி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதோ அம்மா?" தாய் திகைத்துப்போய், "போன முறை இங்கேதானே உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது, எழுதி வைத்தீர்களே" என்றார். எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்த பதிவில். ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் 'த'வுக்கு ரி என்ற ஓர் எழுத்துப் போடுபவர் உண்டு, ரி எச் என்று இரண்டு போடுபவர் உண்டு, டி போடுபவரும் உண்டு. பெயரின் கடைசியில் ஐ போடுவதா வை போடுவதா என்பது எழுதுபவரின் விருப்பம். ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவுகள். ஒவ்வாமை ஒன்றில், மருந்துச் சீட்டு மற்றதில்.

அன்று பிள்ளையைக் காப்பாற்றியது அந்தத் தாதியின் ஒரு கேள்வி. ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று நால்வரும் பேசிக்கொண்டோம்.

இங்கே கணினி பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பயப்பட வேண்டாம், மனையியல் பாடத்தில் படித்ததுதான். சட்டை தைக்கும்போது முதலில் கடதாசியில் பற்றன் வெட்டுவோம். பற்றன் ஒன்று. துணி எதுவாகவும் இருக்கலாம், அளவை அகட்டலாம், சுருக்கலாம். கழுத்து வளைவு சரியாக வந்த ஒரு பற்றன் கிடைத்துவிட்டால் விடுதி முழுவதும் கைமாறும். இணையப் பக்கத்தில் நாங்கள் பார்க்கும் பொத்தான், பெயர் எழுதும் பெட்டி, திகதி கேட்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் இப்படிப் பற்றனாகச் செய்து வைக்கலாம். நிரலாளர் அதைக் கொம்போனன்ற் என்பார்கள். நாங்கள் 'கூறு' என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு கூறுக்குள் அதன் தோற்றம், அது கேட்கும் கேள்வி, பிழையாக எழுதினால் அது சொல்லும் பதில் எல்லாம் சேர்ந்தே இருக்கும். எடுத்து வேண்டிய பக்கத்தில் வைத்தால் போதும்.

முன்பு ஒரு சிக்கல் இருந்தது. றியாக்ட் என்ற கருவித்தொகுதிக்குச் செய்த கூறு அங்குலர் என்ற இன்னொன்றில் பொருந்தாது. தையல் இயந்திரம் மாறினால் பற்றனும் மாறவேண்டும் என்பதுபோல. 2011இல் அலெக்ஸ் றசல் என்ற பொறியியலாளர், உலாவிக்கே ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொடுக்கும் வழியொன்றை முன்வைத்தார். அதுதான் வெப் கொம்போனன்ற் என்று வளர்ந்து, இன்று பிரதான உலாவிகள் எல்லாவற்றுக்கும் விளங்கும் பொது நியமமாகிவிட்டது. 'அடையாள அட்டைப் பெட்டி' என்று ஒரு சொல்லை நாங்கள் உலாவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அதன் பின் எந்தப் பக்கத்திலும் அந்தச் சொல்லை எழுதினாற் போதும், பெட்டி வந்து நிற்கும். சுற்றியுள்ள பக்கத்தின் தோற்ற விதிகள் நேரடியாக உள்ளே புகுந்து அதைக் குழப்பாதபடி ஒரு வேலியும் அதற்கு உண்டு.

நாங்கள் முதலில் செய்தது அந்த அடையாள அட்டைப் பெட்டிதான். எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டிலும் முதலில் பிறந்த ஆண்டு வரும். அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே இலக்கத்தை எழுதினாலே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கணினி கண்டுகொள்ளலாம். ஒரே விடயத்தை மூன்று தடவை எழுதும் வேலை மிச்சம். நாட்களை எண்ணி, திகதியாக்கி, அழகான பெட்டியொன்றைச் செய்து, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்த அனுமதியோடு இணையத்தில் வைத்தோம். பெருமையாகவும் இருந்தது.

சில கிழமைகளில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். எங்கள் பெட்டியைத் தன் அலுவலகப் படிவத்தில் வைத்துப் பார்த்தாராம். தன் மகளின் பிறந்தநாள் ஒரு நாள் பிந்தி வருகிறதே என்று கேட்டிருந்தார்.

நால்வரும் இருந்து பார்த்தோம். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் 1981இல் பிறந்தவர்கள். அந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் அட்டையில் 561 என்று இருக்கும். 500ஐக் கழித்தால் 61ஆவது நாள். 1981 நெட்டாண்டு அல்ல. சாதாரணமாக எண்ணினால் ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28, ஆக 59. 61ஆவது நாள் மார்ச் 2. ஆனால் அடையாள அட்டை முறையில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள் என்றே கணக்கு. அப்படி எண்ணினால்தான் 61 மார்ச் 1 ஆகும். இதைக் கவனியாத எவருடைய நிரலும், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோரையும் ஒரு நாள் பிந்திப் பிறக்க வைத்துவிடும்.

பிழை எங்களுடையது. வேறு எவரையும் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வரியைத் திருத்தி, "இன்ன பிழை இருந்தது, இன்ன பதிப்பில் திருத்தியாயிற்று" என்று வெளிப்படையாக எழுதி வைத்தோம். எடுத்துப் பயன்படுத்தியவர்கள் புதிய பதிப்புக்கு மாறியவுடன் அவர்கள் எல்லோரிடமும் பிழை போய்விட்டது. எங்களிடமே பூட்டி வைத்திருந்தால் இன்றைக்கும் பிழையான பிறந்தநாளைத்தான் எழுதிக்கொண்டிருப்போம். பதினேழாம் வினாவின் கதை அப்படியே திரும்ப நடந்தது.

இரண்டாவது கூறு பெயர்ப் பெட்டி. உலகத்தில் கிடைக்கும் ஆயத்தப் பெட்டிகள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கும். எங்களுக்குத் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான் உண்டு. எதை எதில் எழுதுவது என்று வன்னிப் பெண்ணொருத்தி தடுமாறுவது அவளுடைய அறியாமை அல்ல. பெட்டி செய்தவருக்கு அவளைத் தெரியாது, அவ்வளவுதான்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று தமிழ் எழுத்தில் இருக்கிறது. 'கிளிநொச்சி' எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டுப் பிள்ளை ஐந்து என்று சொல்லும். கணினி பத்து என்று சொல்லும். 'கி' என்பதைக் ககரம் ஒன்று, விசிறி ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறது அது. 'முல்லைத்தீவு' எமக்கு ஆறு, அதற்குப் பன்னிரண்டு. 'வவுனியா' எமக்கு நான்கு, அதற்கு ஏழு. ஆங்கிலத்தை மனதில் வைத்து "இருபது எழுத்துக்கு மேல் வேண்டாம்" என்று பெட்டி செய்தால், தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்தோடு பெயர் அறுந்துவிடும். தகப்பன் பெயர் சிவலிங்கம் என்றால் முதலெழுத்து 'சி'. கணினியிடம் முதலாவதை மட்டும் எடு என்றால் 'ச' என்று எடுக்கும். பிள்ளையின் முதலெழுத்தே மாறிப்போகும். ஸ்ரீதரன், ஸ்ரீதேவி என்று வரும் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகத் தட்டலாம். சில எழுத்துருக்களில் பார்வைக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் பதிந்ததை மற்ற விதத்தில் தேடினால் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் சேமித்த பழைய கோப்புகள் இன்னும் மோசம். அவற்றைக் கணினி தமிழென்றே அறியாது, ஆங்கில எழுத்துக் குவியல் என்றுதான் எண்ணும்.

எழுத்தை எழுத்தாகப் பிரித்து எண்ணும் வசதி இப்போது உலாவிகளுக்குள்ளேயே வந்திருக்கிறது. அதைக் கொண்டு பெயரை அறுக்காத, முதலெழுத்தைச் சரியாக எடுக்கிற, இரண்டு 'ஸ்ரீ'யையும் ஒன்றாகப் பார்க்கிற பெட்டி செய்தோம். தேடும்போது ஒலியால் ஒத்த பெயர்களையும் வரிசையாகக் காட்டும். ஆனால் இவர்தான் அவர் என்று தானாக இணைக்காது. அதை மனிதர் ஒருவர், பிறந்த திகதியையும் ஊரையும் பார்த்து, நோயாளியிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். அந்தத் தாதியின் கேள்விக்குப் பதிலாக இதைச் செய்யவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவருக்கு நேரமும் நினைவூட்டலும் கிடைக்கவே செய்தோம்.

இதெல்லாம் நான்கு பெண்களின் ஞாயிற்றுக்கிழமை வேலை, இதற்கு உலகத்தில் என்ன இடம் என்று நினைப்பீர்கள். இந்த நாட்டிலேயே நடந்த இரண்டு பெரிய விடயங்களைச் சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26. முல்லைத்தீவுக் கரையில் அன்று நடந்ததை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் கொழும்பில் கணினித்துறைத் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற கணக்கு என்று தனித்தனிப் பகுதிகளாக அதை அமைத்தார்கள். லங்கா சொப்ற்வெயர் பவுண்டேசன் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டு வளர்த்தது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் பூகம்பத்துக்கு அது பயன்பட்டது. 2010இல் ஹெயிட்டி பூகம்பத்தின்போதும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கியது. எங்கள் கடற்கரையின் துயரத்துக்கு எழுதப்பட்டது, கண்டம் கடந்து இன்னொரு சனத்துக்கு உதவியது.

இரண்டாவது, கொவிட் காலம். இலங்கையில் முதல் நோயாளி 2020 ஜனவரி 27ஆம் திகதி இனங்காணப்பட்டார். விமான நிலையத்தால் வருபவர்களைப் பதிந்து பின்தொடரும் முறையொன்று உடனடியாகத் தேவைப்பட்டது. வைத்தியர் பமோத் அமரகோன் முதலிய மருத்துவத் தகவலியலாளர்கள் சுகாதார அமைச்சோடு சேர்ந்து, டீ.எச்.ஐ.எஸ். 2 என்ற பொது மென்பொருளின் மீது சில நாட்களுக்குள் அதை அமைத்தார்கள். அந்த மென்பொருள் தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்த காலத்தில், பிரிந்து கிடந்த சுகாதாரப் பதிவுகளை ஒன்றாக்கும் முயற்சியில் முளைத்தது. இன்று ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதைப் பேணுகிறது. இலங்கையில் செய்ததை ஒஸ்லோ எடுத்து, எந்த நாடும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய பொதியாக வெளியிட்டது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அதை எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டன.

அவர்கள் ஏன் அவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்தது? அத்திவாரத்திலிருந்து தொடங்கவில்லை. படிவம், வரைபடம், அட்டவணை என்று ஆயத்தமாக இருந்த கூறுகளைப் பொருத்தினார்கள். முன்னொரு காலத்தில் எவரோ பொறுமையாகச் செய்து, பெயர் போடாமல் கொடுத்துவிட்டுப் போன வேலை, அவசர நாளில் கைகொடுத்தது.

கொடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. எங்கள் அனுபவத்தில் படித்ததைச் சொல்கிறோம். இளைய பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூறு ஒரு வேலையை மட்டும் செய்யட்டும். எங்கள் முதல் பெட்டிக்குள் முகவரியையும் தொலைபேசியையும் சேர்த்துவிட்டோம். எவருக்கும் அது பொருந்தவில்லை. பிரித்த பின்தான் எடுத்தார்கள்.

எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வையுங்கள். தமிழிலும் எழுதுங்கள். விளக்கம் இல்லாத கூறு, மூடி திறக்க முடியாத போத்தல் மருந்து.

கைக்கெட்டியதையெல்லாம் எடுத்து அடுக்காதீர்கள். 2016 மார்ச்சில், பதினொரு வரி கொண்ட ஒரு சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் உலகெங்கும் தடைப்பட்டன. எடுக்கும்போது யார் பேணுகிறார், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கொடுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்காதீர்கள்.

எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் இது மரியாதைக்காகச் சொல்லும் சொல் அல்ல. போரில் பார்வை இழந்தவர்கள் எங்களோடு வாழ்கிறார்கள். கை இழந்தவர்கள், விரல் இழந்தவர்கள் வாழ்கிறார்கள். பெட்டிக்குச் சரியான பெயர் உள்ளே எழுதப்பட்டிருந்தால்தான், திரையை வாசிக்கும் மென்பொருள் அதைப் பார்வையற்றவருக்கு உரக்கச் சொல்லும். பொத்தான் பெரிதாக இருந்தால்தான் ஒரு விரலால் தொடலாம். பிறந்த திகதிக்கு நாட்காட்டியைக் காட்டி அறுபது ஆண்டு பின்னோக்கித் தட்டவைப்பதைவிட, நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டி வைப்பது நல்லது. பிரித்தானிய அரசாங்கம் 2018இல் பொதுவில் வைத்த வடிவமைப்புத் தொகுதி அப்படித்தான் செய்கிறது. அந்நாட்டுச் சுகாதார சேவையும் தன் கூறுகளை எவரும் எடுக்க விட்டிருக்கிறது. இலண்டனில் இருக்கும் தங்கைமார் தினமும் தொடும் பொத்தான்கள் அவை. நாங்களும் அவற்றைப் பார்த்துப் படித்தோம்.

கடைசியாக, மிக முக்கியமானது. நாங்கள் பகிர்வது வெற்றுப் படிவம். நிரப்பிய படிவத்தை எவருக்கும் கொடுக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் வருமுன்பே எங்கள் சனத்துக்கு இது தெரியும். பெயர்ப்பட்டியல் ஒன்று யார் கைக்குப் போகும் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆகவே ஒரு பெட்டியைச் செய்வதற்கு முன் இந்தக் கேள்வி தேவைதானா என்று முதலில் கேட்கவேண்டும். கேட்கத் தேவையில்லாததைக் கேட்காமல் விடுவதும் நல்ல வடிவமைப்புத்தான்.

பழைய மாணவிகள் சங்கத்திடம் இப்போது ஒரு விண்ணப்பம்.

நூறு ஆண்டு நிறைவுக்குக் கணினிகள் வாங்கித் தருவோம் என்று பலர் முன்வந்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் கணினி ஐந்து ஆண்டில் பழுதாகிவிடும். அதோடு உங்கள் நேரத்தில் மாதம் இரண்டு மணித்தியாலம் தாருங்கள். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இலண்டனிலும் மென்பொருள் வேலை செய்யும் அக்காமார், எங்கள் பிள்ளைகள் எழுதும் சிறு கூறுகளை வாசித்துத் திருத்தம் சொல்லுங்கள். தமிழ் ஆசிரியர்கள், பொத்தானில் என்ன சொல் எழுதலாம் என்று ஒரு சொற்பட்டியல் ஆக்கித் தாருங்கள். 'சமர்ப்பிக்கவும்' என்ற நீண்ட சொல் தொலைபேசித் திரையில் பொத்தானுக்கு வெளியே வழிகிறது. 'அனுப்பு' போதாதா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. நீங்கள்தான் தீர்க்கவேண்டும். தாதியர், கிராம அலுவலர், ஆசிரியைகள் என்று தினமும் படிவத்தோடு மல்லுக்கட்டும் தங்கைமார், எது பொருந்தவில்லை என்று சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரின் முறைப்பாடுதான் நல்ல கூறின் தொடக்கம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் கணினியைக் கண்ணாற் காணாமலே உயர்தரம் எழுதினோம். இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. தூரம் குறைந்துவிட்டது. ஆனால் எங்கோ ஒருவர் செய்த பெட்டிக்குள் எங்கள் பெயரை மடித்துத் திணிக்கும் நிலை இன்னும் மாறவில்லை. உங்கள் பெயர் அறுந்து வந்தால் வெட்கப்படாதீர்கள், பெட்டியைத் திருத்துங்கள். திருத்தியதை எல்லோருக்கும் கொடுங்கள்.

எங்கள் பெயர்ப் பெட்டிக்கு அண்மையில் ஒரு திருத்தம் வந்தது. தெற்கிலிருந்து ஒருவர், சிங்களப் பெயர்களுக்கும் அதே எழுத்தெண்ணும் சிக்கல் இருக்கிறது என்று சொல்லி, அதற்கான பகுதியைத் தானே எழுதி அனுப்பியிருந்தார். சேர்த்துக்கொண்டோம். அதே மாதத்தில் எங்கள் கணித ரீச்சரைப் போய்ப் பார்த்தோம். ஸ்ரென்சில் கதையை நினைவூட்டினோம். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பதினேழு இல்லை பிள்ளைகள், பதினெட்டாம் வினா" என்றார்.

ஆகவே இந்த உரையிலும் ஒரு திருத்தம் உண்டு.